எந்தப் படியில் இடைவெளி விழுகிறது?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பரும் வெள்ளையரும், இங்கே எல்லாச் சாதியாரும், படிப்பிலும் வேலையிலும் சரிசமமாக வந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? கதவைத் திறந்துவிட்டால் போதாதா?
- ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: போதாது. கதவு நிஜமாகவே திறந்திருந்ததா என்பது, உள்ளே வந்தவர்களை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் டியூக் பவர் நிறுவனத்தின் மின் நிலையம் ஒன்றில் கறுப்பர்களுக்குக் கூலி வேலைப் பிரிவு மட்டும்தான். அங்கே கிடைத்த மிக அதிகச் சம்பளம்கூட மற்றப் பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தை எட்டாது. 1965இல், வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அமலுக்கு வந்ததும் தடை போனது. அதே கையோடு, மேலே போக விரும்பினால் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோ இரண்டு எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சியோ வேண்டும் என்றானது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் அந்தப் படிப்பை முடித்தவர்கள் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம், கறுப்பு ஆண்களில் 12 சதவீதம். இத்தனைக்கும், சான்றிதழ் இல்லாமல் முன்பே சேர்ந்தவர்கள் அதே வேலையை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1971இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனைகளை ஏற்கவில்லை. வேலைக்கு அவை தேவை என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது என்றது. எனக்கு இதுதான் சரியான நியாயமாகப் படுகிறது.

1978இல் அங்குள்ள அரசு ஓர் அளவுகோல் வைத்தது: ஒரு பிரிவினரின் தேர்வு விகிதம், அதிகம் தேர்வான பிரிவின் விகிதத்தில் ஐந்தில் நான்குக்கு, அதாவது 80 சதவீதத்துக்கு, குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். அதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர் எடுக்கிறது என்று வையுங்கள். ஒரு பிரிவில் 60 பேர் விண்ணப்பித்து 30 பேர் தேர்வு, அதாவது 50 சதவீதம். இன்னொன்றில் 40 பேரில் 12 பேர், 30 சதவீதம். முப்பதை ஐம்பதால் வகுத்தால் 60 சதவீதம். 80க்குக் கீழே போனதால் விசாரிக்க வேண்டும். குற்றம் நடந்தது என்று இன்னும் சொல்லக் கூடாது.

இப்போது படிப்படியாகப் பிரியுங்கள். எழுத்துத் தேர்வில் முதல் பிரிவில் 45 பேர், இரண்டாவதில் 16 பேர் தேறினார்கள். நேர்காணலில் அந்த 45இல் 30, அந்த 16இல் 12. நேர்காணலில் இரண்டாம் பிரிவுதான் கொஞ்சம் மேலே. ஆகவே நேர்காணல் நடத்தியவரைத் திட்டிப் பயனில்லை. எழுத்துத் தேர்வின் வினாத்தாளை எடுத்து, தோல் தரம் பிரிக்கவும் லைனில் ஆள் நிறுத்தவும் எது தேவையோ அதைத்தான் கேட்டார்களா என்று பார்க்க வேண்டும்.

பலர் தவறுவது கடைசி எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில். விண்ணப்பமே போடாதவர்கள் அதில் தெரியமாட்டார்கள். ஜவ்வாது மலையில் அறிவிப்பு போய்ச் சேராத ஊர்க்காரர் எந்த விகிதத்திலும் வரமாட்டார். இன்னொரு தவறு, ஐந்து பேர் விண்ணப்பித்த இடத்தில் சதவீதம் போடுவது. ஒருவர் கூடினால் 20 ஏறும், குறைந்தால் 20 இறங்கும்.

எல்லாவற்றிலும் சமம் கேட்க வேண்டியதில்லை. வாணியம்பாடியில் தோல் வியாபாரத்தில் முஸ்லிம்கள் அதிகம் என்றால், அது தலைமுறையாகக் கைமாறி வந்த தொழில். மக்கள்தொகை விகிதப்படி தோல் ஷாப்புகளைப் பங்கு பிரிக்கச் சொல்வது அறிவீனம். ஆனால் குழந்தை பிழைப்பதும், பத்தாம் வகுப்பு தேறுவதும், அரசு வேலையும் அப்படியல்ல. அங்கே குலத்தொழில், விருப்பம் என்ற பதில் செல்லாது. அங்கே சமத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

இடஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள்ளேயே அருந்ததியர் பின்தங்கியிருப்பது எண்ணிப் பார்த்ததால்தான் தெரிந்தது. 2009இல் அவர்களுக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. கதவு திறந்திருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருந்த காலம் முழுக்க அவர்கள் வெளியேதான் நின்றிருந்தார்கள்.