பரணில் மறந்துபோன கிளாடியோலஸ் கிழங்கு

கேள்வி: அக்டோபரில் நடலாம் என்று வாங்கிய 20 கிளாடியோலஸ் கிழங்குகளைப் பரணில் போட்டு மறந்துவிட்டேன். பிப்ரவரி கடைசியில் இப்போதுதான் கண்ணில் பட்டன. முளை விட்டிருக்கின்றன. நடலாமா, அடுத்த அக்டோபர் வரை வைத்திருக்கலாமா? (ஓசூர் வாசகி)

இந்த வாரமே நட்டுவிடுங்கள். வைத்திருந்தால் அக்டோபரில் சருகுதான் மிஞ்சும். வெங்காயம் மாதிரிதான் இதுவும்: முளை விட்டுவிட்டால், மண் இருக்கிறதோ இல்லையோ, தன் சத்தையே தின்று வளர ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் சரி. லேசான சுருக்கம் பரவாயில்லை. மெத்தென்று அமுங்கினாலோ, மேல்தோலை உரித்ததும் அடிப்பக்கம் பழுப்பாக அழுகியிருந்தாலோ குப்பைக்குத்தான், உரக்குழியில்கூடப் போடாதீர்கள். அநேகமாக ஃபியூசேரியம் பூஞ்சையாக இருக்கும்; மண்ணில் புகுந்தால் பல வருஷம் போகாது. உரிக்கும்போது அடியில் வளையமாகப் பொடிப் பொடி முண்டுகள் தென்படும். வேர் கிளம்பும் இடம் அது, நகம் பட வேண்டாம்.

முளை நீண்டிருந்தாலும் ஒடிக்காமல், அது மேலே பார்க்கும்படி 8 முதல் 10 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். மேலாக நட்டால் பின்னால் சாய்ந்துவிடும். வெயிலுக்குப் பயந்து மரத்தடியில் மட்டும் நட வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் இலைதான் வரும், பூ வராது. வேரடியில் வைக்கோல் பரப்பினால் போதும். நான்கைந்து இலை வந்த பிறகு தண்ணீர் ஊற்ற ஒருநாளும் தவறாதீர்கள். பூந்தண்டு உள்ளே உருவாவது அப்போதுதான்.

மே மாதம் பூக்கலாம். தண்டு குட்டையாக இருக்கும், சிலவற்றில் பூவே வராமலும் போகலாம். மதுரை வெயிலாக இருந்தால் பூவை எதிர்பார்க்கவே சொல்லமாட்டேன். ஓசூர் என்பதால் சொல்கிறேன். என்னைக் கேட்டால், இந்த முறை பூவைவிடக் கிழங்குதான் முக்கியம். பூவை வெட்டினாலும் நான்கு இலையாவது செடியில் நிற்கட்டும். பிறகு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, இலை மஞ்சளானதும் தோண்டுங்கள். நீங்கள் நட்டது வறட்டி மாதிரி காய்ந்து அடியில் கிடக்கும். அதன் தலையில் புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் குஞ்சுக் கிழங்குகள். அதற்குள் ஜூலை ஆகிவிடும். நிழலில் உலர்த்தி வலைப்பையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். மூன்று மாத உறக்கம் முடிந்து, பெரும்பாலும் அக்டோபருக்குத் தயாராகிவிடும். பரண் மட்டும் வேண்டாம்!