பாஞ்சோ என்றால் கார் துரத்தலா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மாண்டலின் ஸ்ரீனிவாஸ் பற்றிய கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இதே வாத்தியத்தைக் கென்டக்கிக்காரர் பில் மன்றோ வேறு விதமாக அழவைத்தார் என்று. தேடிப் பிடித்து இரண்டு ராத்திரி அவருடைய ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க இசையைக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒட்டவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே ஓட்டம். பாஞ்சோ என்ற அந்தத் தந்திவாத்தியம் ஆரம்பித்தாலே பழைய படத்தில் போலீஸ் காரைத் துரத்துகிற காட்சிதான் கண்ணில் வருகிறது. அழுகை எங்கே இருக்கிறது? வெள்ளைக்கார விவசாயிகளின் பழைய நாட்டுப்பாடலை வேகமாக வாசிக்கிறார்கள், அவ்வளவுதானே? இதில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும்?

ர., கோவை

அன்புள்ள ர.,

துரத்தல் காட்சி என்று படித்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் காது சரியாகத்தான் வேலை செய்கிறது. 1967-ல் வந்த ‘போனி அண்ட் கிளைடு’ படத்தில் கொள்ளைக்காரர்கள் காரில் தப்பி ஓடும்போது பின்னணியில் ஒலிப்பது ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ. அவர் அதை 1949-லேயே இசைத்தட்டில் பதிந்துவிட்டார், மனதில் எந்தக் காரும் இல்லாமல். படம் ஓடியது, அதற்கப்புறம் சினிமாவில் எவன் எவனைத் துரத்தினாலும் பாஞ்சோ என்று ஆகிவிட்டது. நாதஸ்வரம் கேட்டாலே கல்யாணப் பந்தி ஞாபகம் வருகிறவர்கள் இல்லையா, அந்த மாதிரி.

ஆனால் ‘பழைய நாட்டுப்பாடல்’ என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இது வயதில் நம் பேசும்படத்தை விட இளையது. பில் மன்றோவின் ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ குழுவில் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தது 1945 டிசம்பரில். சென்னை பிராட்வே தியேட்டரில் பாகவதரின் ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்த சமயம் அது. மன்றோ மாண்டலின், லெஸ்டர் ஃப்ளாட் கிட்டார், ஸ்க்ரக்ஸ் பாஞ்சோ, சப்பி வைஸ் ஃபிடில் (நம் வயலின்தான்), ஹோவர்ட் வாட்ஸ் பேஸ் (கீழ்ஸ்தாயிக்கான பெரிய தந்திவாத்தியம்). இந்த ஐந்து பேரும் 1946, 47-ல் பதிந்த பாட்டுகள்தான் இன்றைக்கும் அளவுகோல். டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையை மாண்டலின் செய்கிறது. தந்தியை அடித்த மறுகணமே விரலால் அமுக்கிவிடுவார்கள், ‘சக்’ என்று எதிர்த்தட்டில் விழும்.

பாஞ்சோவுக்கு வருகிறேன். ஸ்க்ரக்ஸ் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் மீட்டி மாட்டிக்கொண்டு வாசிப்பார். அவர் வளர்ந்த வட கரோலினாவில் மூன்று விரல் வாசிப்பு ஏற்கெனவே இருந்தது. அதை வழுவழுப்பாக ஓடவிட்டது அவர் கை. ஒரு கணக்குக்கு எட்டு அடி. அந்த எட்டை அடிக்கடி எப்படிப் பிரிக்கிறார் என்று கவனியுங்கள்: தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. நம் காதுக்கு இது அந்நியமே இல்லை. பாட்டின் மெட்டு இந்த எட்டுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும், இரண்டு அடிக்கு ஒரு தரம் தலை காட்டும். முதல் தடவை கேட்கிறவருக்குச் சோளம் பொரிகிற சத்தம்தான் கேட்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நண்பர் ஒருவர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்ததை நாலு மாதம் திறக்காமலே வைத்திருந்தேன்.

விவசாயிகள் என்கிறீர்கள். பிறந்தது விவசாயக் குடும்பங்களில்தான், ஆனால் இந்த இசை பிறக்கும்போது அவர்கள் வயலை விட்டு வந்துவிட்டார்கள். ஸ்க்ரக்ஸ் நூல் மில்லில் வேலை பார்த்தார். ஃப்ளாட்டும் மில் தொழிலாளிதான். மன்றோ பதினெட்டு வயதில் இண்டியானாவுக்குப் போய் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பீப்பாய் உருட்டியவர்.

மன்றோவின் சிறுவயதைச் சொன்னால்தான் அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். 1911-ல் மேற்குக் கென்டக்கியில் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தார், எட்டுப் பிள்ளைகளில் கடைசி. மாறுகண், பார்வையும் மங்கல். வேற்றாள் வீட்டுக்கு வந்தால் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்வாராம். அண்ணன்மார் ஃபிடிலையும் கிட்டாரையும் எடுத்துக்கொள்ள, மிச்சமிருந்த மாண்டலின் இவர் கைக்கு வந்தது. அதிலும் எட்டுத் தந்தியில் நாலைக் கழற்றச் சொன்னார்கள், சத்தம் அதிகம் வராமல் இருக்க. பத்து வயதில் அம்மா போனார், பதினாறில் அப்பா. பிறகு ஃபிடில் வாசிக்கும் தாய்மாமன் பென் வாண்டிவரின் குடிசையில் இருந்தார். அந்த மாமாவைப் பற்றித்தான் பின்னாளில் பாட்டுக் கட்டினார்.

அவருக்கு இன்னொரு ஆசான், ஆர்னால்டு ஷுல்ட்ஸ். கறுப்பினத்தவர், சுரங்கத் தொழிலாளி. கிட்டாரும் ஃபிடிலும் வாசித்தவர். சிறுவன் மன்றோ அவரோடு சேர்ந்து நடனக் கூட்டங்களில் வாசித்திருக்கிறார். மன்றோ பாட்டில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையின் நெளிவு வந்ததற்கு ஷுல்ட்ஸையும் காரணமாகச் சொல்ல வேண்டும், மன்றோவே சொன்னார். ஷுல்ட்ஸ் 1931-ல் இறந்தார். அவர் வாசித்ததில் ஒரு நிமிடம்கூடப் பதிவாகவில்லை. பாஞ்சோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் வழியாக வந்த வாத்தியம், தொடக்கத்தில் குடுவைமேல் தோல் போர்த்தியது. அதன் ஐந்தாவது குட்டைத் தந்தி மெட்டு வாசிக்க இல்லை, கட்டைவிரல் தொடத்தொடத் தம்புரா மாதிரி சுருதி சொல்லிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் வெள்ளைக்கார இசை என்று மூட்டை கட்டினால், அதில் பாதிக் கணக்கை மறைத்தவர்களுக்கு நாம் துணைபோனதாக ஆகும்.

இப்போது அழுகை. நீங்கள் பாஞ்சோவைக் கேட்டீர்கள், குரலைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். பாட்டு வரிகளைப் பாருங்கள்: அம்மாவின் கல்லறை, பூட்டிக் கிடக்கும் வீடு, ஆற்றங்கரையில் கொல்லப்பட்ட பெண். வாத்தியங்கள் நாலுகால் பாய்ச்சலில் ஓடும், அதன்மேல் குரல் அவசரமே இல்லாமல் நீண்டு நிற்கும். ரயில் வேகமாகப் போகிறது, ஜன்னலில் இருப்பவன் பின்னால் போகிற ஊரையே பார்த்துக்கொண்டிருக்கிறான், எனக்கு அப்படித்தான் கேட்கிறது. மன்றோ தன் குரல் எட்டுகிற கடைசிப் படிக்குச் சுருதியை ஏற்றிக்கொண்டு பாடுவார். உடைந்துவிடுமோ என்று நமக்குப் பதறும். கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும்.

ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் லேசான மனிதர் இல்லை. 1948-ல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் பிரிந்துபோய்த் தனிக்குழு தொடங்கினார்கள். இருபது வருடத்துக்கு மேல் மன்றோ ஃப்ளாட்டோடு பேசவில்லை. ஒரே நாஷ்வில், ஒரே வானொலி மேடை, ஒரு வார்த்தை கிடையாது. 1971-ல் பீன் ப்ளாசம் என்ற ஊரில் நடந்த ப்ளூகிராஸ் விழாவில்தான் கைகுலுக்கினார்கள். ஸ்டான்லி சகோதரர்கள் தன் பாணியில் பாடுகிறார்கள், அவர்களைத் தன் ரெக்கார்டு கம்பெனியே எடுத்துக்கொண்டது என்று கோபித்து, கம்பெனியையே மாற்றினார். அடுத்த இரண்டு வருடத்தில் அதே கார்ட்டர் ஸ்டான்லியைத் தன் குழுவில் பாட வைத்தார்! வித்வான்களின் கோபதாபங்களுக்குக் கரை ஏது.

மன்றோவை மதிக்கிறேன். எனக்குப் பிடித்தவர் அந்தக் கார்ட்டர்தான். வர்ஜீனியா மலைக்காரர். தம்பி ரால்ஃப் பாஞ்சோவோடு மேல்குரல் பாடுவார், கார்ட்டர் கீழே நின்று பாட்டைச் சொல்வார். ஆமாம், சொல்வார் என்றுதான் சொல்ல வேண்டும். துக்க வீட்டுத் திண்ணையில் ஒருவர் தணிந்த குரலில் நடந்ததைச் சொல்கிற மாதிரி. ஜோடனையே கிடையாது. 1966-ல் நாற்பத்தொரு வயதில் இறந்துவிட்டார். ரால்ஃப் அதற்கப்புறம் ஐம்பது வருடம் இருந்தார். 2000-ல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்தில் எந்த வாத்தியமும் இல்லாமல், இன்னும் ஒரு வருடம் விட்டுவை என்று சாவிடம் கெஞ்சுகிற பாட்டு வருமே, அது அவர் குரல். வாத்தியத்தை உள்ளே விடாத ப்ரிமிடிவ் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் கோயிலில் பழகிய குரல். அதற்கு கிராமி வாங்கும்போது அவருக்கு எழுபத்தைந்து வயது.

இன்னொருவர் ஹேஸல் டிக்கன்ஸ். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதியில் பதினோரு பிள்ளைகள் உள்ள குடும்பம், பால்டிமோருக்கு வந்து ஃபேக்டரியில் வேலை. அண்ணன் சுரங்கத்தூசி நுரையீரலில் படிந்து இறந்தார். அந்த நோயின் பேரிலேயே ஹேஸல் ஒரு பாட்டுக் கட்டினார். அறுபதுகளில் ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து, ஆண்கள் கோட்டையாக இருந்த இந்த இசையில் இரண்டு பெண்கள் முன்னால் நின்று பாடினார்கள். ஹேஸலின் குரல் இனிமை என்று சொல்ல முடியாது. தகரத்தைக் கிழிப்பது போல இருக்கும். வேலைநிறுத்த மேடையில் பாடவேண்டிய குரல், அங்கேயும் பாடினார்.

பிறகு வந்தவர்களில் டோனி ரைஸின் கிட்டார். அவர் பாடகரும்கூட, தொண்ணூறுகளில் தொண்டை போனது, கை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அலிசன் க்ராஸ் நன்றாகப் பாடுவார், எனக்குக் கொஞ்சம் அதிகமாக இஸ்திரி போட்ட மாதிரி. இப்போதைய பிள்ளைகளில் மாலி டட்டிலும் பில்லி ஸ்ட்ரிங்ஸும் சூரர்கள். வேகம்தான் உங்களுக்குப் பிரச்சினை என்பதால் ஸ்ட்ரிங்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

கேட்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். பழைய வீடியோக்களில் குழு முழுவதும் ஒரே மைக்கைச் சுற்றி நிற்கும். தன் முறை வந்தவர் மைக்குக்கு நெருங்குவார், முடிந்ததும் தோளைச் சாய்த்து அடுத்தவருக்கு வழிவிட்டு விலகுவார். ஃபிடில் வில் யார் கண்ணிலும் குத்தாது. நெரிசலான சமையல்கட்டில் நாலு பெண்கள் கல்யாண வேலை பார்ப்பது போல. முதல் நாள் அதை மட்டும் பாருங்கள். மறுநாள் ஹேஸல், அதற்கடுத்து கார்ட்டர். ஸ்க்ரக்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், தகிட தகிட தக என்று தொடையில் தட்டிக்கொண்டே.

அப்போதும் கார்தான் ஓடுகிறது என்றால் எழுதுங்கள், டோனி ரைஸைப் பற்றித் தனியாகச் சண்டை போடலாம்.