கீட்டோ பாசி வைத்தும் நைட்ரேட் இறங்கவில்லையே, ஏன்?

கேள்வி: என்னுடையது 200 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி). நைட்ரேட் 40 பிபிஎம்-லேயே (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) நிற்கிறது. பாஸ்பேட் 0.02-க்கு மேல் போனதில்லை. அதற்காகத் தனியாக பாஸ்பேட் ரிமூவர் ஓடுகிறது. நைட்ரேட்டைக் குறைக்க, இரண்டு மாதம் முன்பு சம்ப்பில் (பிரதான தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டி) ஒரு கைப்பிடி கீட்டோ (கீட்டோமார்ஃபா என்ற பச்சை இழைப் பாசி) போட்டேன். அது வளரவே இல்லை, வெளிறிப்போய் உதிர்கிறது. நைட்ரேட்டும் அசையவில்லை. கீட்டோவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வழி பார்க்கலாமா?

பதில்: தூக்கிப் போட வேண்டியது கீட்டோவை அல்ல, அந்த பாஸ்பேட் ரிமூவரை. குறைந்தபட்சம் கொஞ்ச காலத்துக்காவது.

பாசி என்பது வடிகட்டி அல்ல, பயிர். சம்ப்பில் சும்மா கிடப்பதால் அது நைட்ரேட்டைக் குறைக்காது. வளர்ந்தால்தான் குறைக்கும், வளர்ந்ததை நீங்கள் வெட்டி வெளியே எடுத்தால்தான் அந்த நைட்ரஜன் தொட்டியை விட்டுப் போகும். வெட்டாமல் விட்டால் அடியில் வெளிச்சம் படாத பகுதி அழுகி, உறிஞ்சியதைத் தண்ணீரிலேயே திருப்பிக் கொட்டிவிடும். உங்கள் கீட்டோ உதிர்கிறது என்றால், இப்போது அது வாங்குவதைவிடக் கொடுப்பதே அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் வளரவில்லை? கணக்கைப் பாருங்கள். அட்கின்சன், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடலடிப் பாசிகளிலும் தாவரங்களிலும் சத்துகள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று 1983-ல் வெளியிட்டார்கள்: ஒரு பங்கு பாஸ்பரஸுக்கு ஏறத்தாழ 30 பங்கு நைட்ரஜன், 550 பங்கு கார்பன். இது அணுக்களின் எண்ணிக்கையில். நம் டெஸ்ட் கிட் காட்டும் பிபிஎம்-க்கு மாற்றினால், 20 பிபிஎம் நைட்ரேட்டைச் சாப்பிட பாசிக்கு சுமார் 1 பிபிஎம் பாஸ்பேட் வேண்டும். உங்களிடம் இருப்பது 0.02. அதை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சினாலும் நைட்ரேட் 0.4 பிபிஎம்தான் இறங்கும். உங்கள் கிட்டில் அந்த வித்தியாசம் தெரியக்கூட தெரியாது. போடும் தீவனத்திலிருந்து பாஸ்பேட் தினமும் வரத்தான் செய்கிறது. ஆனால் பாசிக்குக் கிடைக்கும் முன்பே அதை ரிமூவர் பிடித்துக்கொள்கிறது. விகிதம் இனத்துக்கு இனம், சூழலுக்குச் சூழல் மாறும் என்பது உண்மை. ஆனாலும் உங்கள் எண்களுக்கு அந்த நெகிழ்வெல்லாம் போதாது.

எனவே ரிமூவரை நிறுத்துங்கள். பவளங்கள் இத்தனை நாள் குறைந்த பாஸ்பேட்டுக்குப் பழகியிருப்பதால் ஒரே நாளில் எகிறவிடாமல், ரிமூவரில் பாஸ்பேட்டைப் பிடிக்கும் மீடியாவைப் பாதியாக்கி, பிறகு முழுவதும் எடுங்கள். 0.05-லிருந்து 0.1 வரை வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எடுத்த பிறகும் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால், ரீஃப் தொட்டிக்கென்று விற்கும் பாஸ்பேட் கரைசலைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். பாஸ்பேட்டைக் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவதா என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றுவதுதான்.

அடுத்தது வெளிச்சம். கடிதத்தில் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதனால் அங்கேயும் ஒரு சந்தேகம். பவளத்துக்குப் போடும் நீல விளக்கின் கசிவு வெளிச்சம் கீட்டோவுக்குப் போதாது. செடி வளர்க்கும் சிவப்பு நீலம் கலந்த எல்இடி, அல்லது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு, நல்ல பிரகாசத்தில் வேண்டும். பிரதான தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரத்தில் இதை எரியவிட்டால், இரவில் பிஎச் சரிவதும் ஓரளவு மட்டுப்படும். தண்ணீரும் பாசிப் பந்தின் உள்ளே புகுந்து ஓட வேண்டும். பந்து சுழல வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம், ஓரிடத்தில் குப்பை படியாமல் இருந்தால் சரி.

கையில் எடுத்துப் பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். ஆரோக்கியமான கீட்டோ கரும்பச்சையாக, தூண்டில் நரம்பு போல முறுக்காக இருக்கும்; அழுத்திவிட்டால் திரும்ப எழும்பும். விளக்கு எரிந்து சில மணி நேரமானதும் இழைகளுக்கிடையே பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழிகள் தொங்கும். பட்டினி கிடக்கும் கீட்டோ வெளிறி, வழவழவென்று, விரலிடுக்கில் துண்டு துண்டாக வரும். பாஸ்பேட்டும் வெளிச்சமும் சரியாக இருந்தும் மஞ்சளடித்தால் இரும்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள். தொடர்ந்து தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

இப்போது உங்கள் கீட்டோவில் உதிர்வதை எல்லாம் களைந்துவிட்டு, உறுதியான இழைகளை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சம்ப்பில் அதற்குரிய இடத்தை நிரப்பும் அளவுக்கு வளர்ந்ததும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுங்கள். எடுத்ததைப் பிழிந்து எடை போட்டுக் குறித்துவையுங்கள். நைட்ரேட் அளவைவிட நம்பகமான கணக்கு இதுதான் என்பேன்.

எவ்வளவு எடுத்தால் எவ்வளவு குறையும்? 200 லிட்டரில் 40-ஐ 10 ஆக்க 6 கிராம் நைட்ரேட் போக வேண்டும்; அதில் நைட்ரஜன் ஏறக்குறைய 1.4 கிராம். உலர்ந்த பாசியில் 3 சதவீதம் நைட்ரஜன், ஈரப் பாசியில் பத்தில் ஒரு பங்குதான் உலர் எடை என்று தோராயமாக எடுத்துக்கொண்டால், அரைக் கிலோவை நெருங்கும் பாசியை வெட்டி எறிய வேண்டும். அதுவும் பழைய பாக்கிக்கு மட்டும். தினசரி தீவனத்தில் வருவது தனி. ஆகவே பழைய பாக்கியைத் தண்ணீர் மாற்றிக் கழியுங்கள். 30 சதவீதம் வீதம் இரண்டு முறை மாற்றினால் 40 என்பது 20-க்குக் கீழே வந்துவிடும். அன்றாட வரவைக் கீட்டோ பார்த்துக்கொள்ளட்டும். மாற்றும் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துவிடுங்கள். உங்கள் கிட் நைட்ரேட்டைக் காட்டுகிறதா, நைட்ரேட்-நைட்ரஜனைக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது என்றால் 4.4-ஆல் பெருக்க வேண்டும்.

வேறு பாசிக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காலர்ப்பா வேகமாக வளரும். ஆனால் திடீரென்று ஒரே இரவில் இனப்பெருக்கத்துக்குப் போய், உடலையே கரைத்துத் தண்ணீரைப் பாலாக்கிவிடும். அதன் ஒரு இனம் 1984-ல் மொனாக்கோ கடற்கரையில் தென்பட்டு மத்தியதரைக் கடலில் பரவியதும் தெரிந்த கதை. எந்தப் பாசியாக இருந்தாலும் வெட்டியதைச் சாக்கடையிலோ கடலிலோ போடாமல், உறையவைத்துக் குப்பையில் போடுங்கள். கிராசிலேரியாவை சர்ஜன் மீன்கள் விரும்பித் தின்னும். ஆனால் அதே தொட்டி மீனுக்குப் போட்டால் பெரும்பகுதி கழிவாக அங்கேயே திரும்பும். ஹாலிமீடா அழகுக்குச் சரி, இந்த வேலைக்கு மெதுவு. கால்சியத்தையும் கேஎச்-ஐயும் (தண்ணீரின் காரத்தன்மை) வேறு இழுக்கும்.

கீட்டோ பிடித்துக்கொண்டதும் ஸ்கிம்மரை (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) நிறுத்திவிட வேண்டாம். கார்பன் டோசிங்கையும் (நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு வினிகர் போன்ற கார்பன் உணவு ஊற்றுவது) சேர்த்து ஆரம்பிக்க வேண்டாம். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். நைட்ரேட் 10-க்குக் கீழே வந்ததும் பாசி விளக்கின் நேரத்தைக் குறைத்து, 5 பிபிஎம் பக்கம் நிறுத்துங்கள். இரண்டு சத்தும் பூஜ்யமானால் பவளம் வெளிறும். டைனோ என்று சொல்லும் பழுப்புச் சளி மணல்மேல் படரும் வாய்ப்பும் கூடும். அதை விரட்டுவது 40 பிபிஎம் நைட்ரேட்டை இறக்குவதைவிடப் பெரிய வேலை.