மகளுக்கு எந்தத் தமிழ்ப்பள்ளி?

கேள்வி: என் மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் சேர வேண்டும். நாங்கள் பாயான் லெப்பாஸ் பகுதியில் குடியிருக்கிறோம். நானும் என் கணவரும் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை செய்கிறோம். தமிழ்ப்பள்ளிதான் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் நூறு மாணவர்கள்கூட இல்லை. ஜார்ஜ்டவுன் பக்கமுள்ள பெயர் பெற்ற பெரிய பள்ளியில்தான் பேத்தியைச் சேர்க்க வேண்டும் என்று என் மாமியார் உறுதியாக நிற்கிறார். முன்பென்றால் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வின் முடிவைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இப்போது எதை வைத்துப் பள்ளியின் தரத்தை அறிவது? பெரிய பள்ளியின் முகநூல் பக்கத்தில் தங்கப் பதக்கப் படங்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. சிறிய பள்ளிக்கு முகநூல் பக்கமே இல்லை.
– வாசகி, பினாங்கு

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் குறிப்பிட்டிருந்த இரு பள்ளிகளின் பெயர்களையும் இங்கே வெளியிடவில்லை. நேரில் போய்ப் பார்க்காத ஒரு பள்ளியைப் பற்றி இங்கிருந்து தீர்ப்பெழுதுவது முறையாகாது. ஆனால் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் யூ.பி.எஸ்.ஆர். பற்றி. மாணவர்கள் கடைசியாக அதை எழுதியது 2019இல். 2021இல் அத்தேர்வு அடியோடு அகற்றப்பட்டது. அது இருந்த காலத்திலும் உங்கள் கேள்விக்கு அதில் முழு விடை இருந்ததாக நான் கருதவில்லை. எல்லாப் பாடத்திலும் ஏ பெற்றவர்களுக்காக முன்பு 7ஏ என்றும் 2016 முதல் 8ஏ என்றும் பள்ளி வாசலில் பதாகை தொங்கும். அதில் சிரித்த முகத்தோடு சில பிள்ளைகள் இருப்பார்கள். அந்த ஏக்களில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, டியூஷன் மையத்தின் உழைப்பு எவ்வளவு, வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த தாய் தந்தையரின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. தேர்வை மனத்தில் வைத்துத் திறமான ஆசிரியர்களையெல்லாம் ஆறாம் ஆண்டுக்கு ஒதுக்கிவிட்டு, எழுத்தறிவிக்க வேண்டிய முதலாம் ஆண்டை யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்ட பள்ளிகளும் இருந்தன. உங்கள் மகள் சேரப்போவதோ முதலாம் ஆண்டில்.

இன்றுள்ள வகுப்பறைசார் மதிப்பீட்டில் ஒவ்வொரு பாடத்திலும் மாணவரின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. நான்காம் ஆண்டிலிருந்து ஆண்டிறுதியில் ஊவாசா என்ற தேர்வும் உண்டு. இவை உங்கள் பிள்ளையின் நிலையை உங்களுக்குச் சொல்வதற்கானவை. வகுப்பறையில் அடைவுநிலையைக் குறிப்பதும் ஊவாசா தாளைத் திருத்துவதும் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களே என்பதால், இந்தப் பள்ளியின் 5 அந்தப் பள்ளியின் 5க்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்வி அமைச்சு 2017 முதல் நடைமுறைப்படுத்திய தர நிர்ணயத்தின்படி பள்ளிகள் தலைமைத்துவம், நிர்வாகம், கற்றல் கற்பித்தல் என்று பல கூறுகளில் தம்மைத் தாமே மதிப்பிட்டுக்கொள்கின்றன. பள்ளி ஆய்வாளர்களான நசிர் குழுவினர் அதைச் சரிபார்க்கிறார்கள். அந்த மதிப்பீடு பற்றித் தலைமையாசிரியரிடம் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அந்த மதிப்பீட்டை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

என் கருத்தில், ஒரு தொடக்கப்பள்ளியின் தரம் அதன் முதல் மூன்று ஆண்டுகளில் தெரிந்துவிடும். அதிலும், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதில் தெரிந்துவிடும். சூட்டிகையான பிள்ளை எங்கே சேர்ந்தாலும் ஓரளவு தேறிவிடும்; பள்ளியின் திறமை மற்ற பிள்ளையிடம்தான் சோதிக்கப்படுகிறது. ஆகவே இரண்டு பள்ளிகளிலும் தலைமையாசிரியரைச் சந்தித்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "முதலாம் ஆண்டு முடிவில் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள், ஐயா?" குறைநீக்கல் ஆசிரியர் இருக்கிறாரா, அவருக்கென்று அறை இருக்கிறதா, வாரத்தில் எத்தனை பாடவேளை அந்தப் பிள்ளைகள் அவரிடம் போகிறார்கள், சென்ற ஆண்டு அவரிடமிருந்து தேறி வகுப்புக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் தயங்காமல் விவரம் சொல்லும் தலைமையாசிரியர், தம் பள்ளியை அறிந்தவர். "எங்கள் பள்ளியில் அப்படிப் பிள்ளைகளே இல்லை" என்று பதில் வந்தால், எனக்கு ஐயம்தான் வரும். எந்தப் பள்ளியிலும் அப்படிப் பிள்ளைகள் உண்டு.

அடுத்தது நோட்டுப் புத்தகங்கள். மாணவர்களின் நோட்டுகளை வெளியாருக்குக் காட்டப் பள்ளி தயங்கலாம்; அதில் தவறில்லை. உங்கள் வட்டாரத்தில் அவ்விரு பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். கோயிலிலோ அடுக்குமாடி லிப்டிலோ பார்க்கும் அந்தத் தாய்மார்களிடம் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையின் தமிழ் நோட்டையும் கணித நோட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவரின் நோட்டுகள் கிடைத்தால் மிகவும் நல்லது. கட்டுரைப் பக்கத்தை இரண்டிலும் திறந்து வைத்துப் பாருங்கள். "நான் ஒரு குடை" என்ற தன்கதை இரண்டு நோட்டிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்து, கடைசியில் இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சரி விழுந்திருந்தால், அந்த வகுப்பில் கட்டுரை எழுதப்படவில்லை, கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதப்பட்டிருக்கிறது. மாறாக, ஒன்றில் ஐந்தே வரிகள், எழுத்துப் பிழைகள், ணகர னகரக் குழப்பம், அதன் கீழே ஆசிரியர் வட்டமிட்ட சொற்கள், அடுத்த பக்கத்தில் அதே பிள்ளையின் கையெழுத்தில் திருத்தம் என்று இருந்தால், பார்ப்பதற்கு அழகில்லாத அந்த நோட்டுதான் நல்ல வகுப்பிலிருந்து வந்தது. தேதிகளையும் கவனியுங்கள். இரண்டு பயிற்சிகளுக்கிடையே வாரக்கணக்கில் இடைவெளி இருந்தால், ஆசிரியர் மாற்றலாகிப் போய்ப் பதிலாள் வராமல் இருந்திருக்கலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாசிப்பையும் இப்படியே சோதிக்கலாம். பாடநூலைக் கொடுத்தால் பல பிள்ளைகள் கடகடவென்று வாசிப்பார்கள், மனப்பாடம் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை பார்த்திராத ஒரு சிறுவர் இதழின் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு பத்தியின் நடுவிலுள்ள ஒரு சொல்லை விரலால் சுட்டிக் கேளுங்கள். இரண்டாம் ஆண்டை முடித்த ஒரு பிள்ளை இதைத் தட்டுத்தடுமாறியாவது செய்துவிட வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலரை வைத்துப் பார்த்தால் ஒரு வகுப்பின் போக்கு ஓரளவு பிடிபடும். சோதனை என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். ஒரு மைலோ பாக்கெட் கொடுத்துக் கதை கேட்பது போலக் கேளுங்கள்.

மலாய்மொழியை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள். இடைநிலைப்பள்ளியில் உங்கள் மகள் பெரும்பாலான பாடங்களை மலாயில்தான் படிக்க வேண்டியிருக்கும். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்துவிட்டுத்தான் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்குப் போகிறார்கள். மலாய்ப் பாடத்தை அதில் பயிற்சி பெற்ற ஆசிரியர் நடத்துகிறாரா, பிள்ளைகள் வகுப்பில் அம்மொழியைப் பேசுகிறார்களா, பயிற்சித்தாளை நிரப்புவதோடு சரியா என்பது முக்கியம். அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் நடத்தும் இருமொழிப் பாடத்திட்டத்தைப் பெரிய விளம்பரமாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நடத்துவதாலேயே பாடம் தரமாகிவிடாது. தமிழிலேயே பின்னத்தைப் புரிய வைக்க முடியாத வகுப்பு ஆங்கிலத்தில் அதை எப்படிப் புரிய வைக்கும்?

பதக்கங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அறிவியல் விழாக்களிலும் புத்தாக்கப் போட்டிகளிலும் காட்டும் திறமை மெய்யானது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஏதாவதொரு பதக்கம் கிடைத்துவிடும் போட்டிகளும் உள்ளன. ஒவ்வொரு படத்திலும் அதே நான்கைந்து முகங்கள்தாம் தெரிகின்றனவா என்று பாருங்கள். இருநூறு பேர் படிக்கும் பள்ளியில் நான்கு பேருக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு உங்கள் மகளுக்கு எட்டுமா என்பது தெரியாது.

இனி, சிறிய பள்ளி. 150க்கு மேற்படாத மாணவர்களைக் கொண்ட பள்ளியை அமைச்சு குறைந்த மாணவர் எண்ணிக்கையுள்ள பள்ளி என்று வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை 30க்கும் கீழே போகும்போதுதான் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் சேர்த்து நடத்தும் நிலை வருகிறது. எனவே சரியான எண்ணிக்கையைக் கேளுங்கள். எண்பது தொண்ணூறு பேர் என்றால் உங்கள் மகளின் வகுப்பில் பதினைந்து பேர் இருக்கலாம். எழுத்துக் கற்கும் வயதில் அது எளிதில் கிடைக்காத நன்மை, ஆசிரியர் அதைப் பயன்படுத்துகிறார் என்றால். குறைகளும் உண்டு. ஓர் ஆசிரியரே தமக்குப் பயிற்சியில்லாத பாடங்களையும் நடத்த வேண்டியிருக்கும். ஒருவர் பேறுகால விடுப்பில் போனால் கால அட்டவணையே ஆட்டம் காணும். காற்பந்துக் குழுவுக்கு ஆள் சேராது. இக்குறைகளை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டால் தலைமையாசிரியர் மறைக்காமல் சொல்வார் என்றே நினைக்கிறேன்.

பள்ளிக்குப் போகும்போது ஓய்வு நேரத்தை ஒட்டிப் போங்கள். சிற்றுண்டிச்சாலையில் சிறிய பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கிறதா, கழிவறையில் தண்ணீர் வருகிறதா, ஆசிரியர் கண்ணில் பட்டதும் பிள்ளைகள் ஒளிகிறார்களா, ஓடிவந்து பேசுகிறார்களா என்பதெல்லாம் கால் மணி நேரத்தில் தெரியும். நூல்நிலையம் பூட்டியிருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சென்ற ஆண்டுக் கூட்ட அறிக்கையை அங்கே பிள்ளை படிக்கும் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். சங்கம் திரட்டிய பணம் பிள்ளைகளுக்குப் போயிற்றா, விருந்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போயிற்றா என்று அதில் இருக்கும். சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தால்தான் இடம் என்று எந்தப் பள்ளியும் சொல்ல முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி வேன் ஓட்டுநர்களிடமும் பேசிப் பாருங்கள். எந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், எங்கே பிள்ளைகள் அழுதுகொண்டே இறங்குகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு முகநூலுக்குத் தெரியாது.

பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பெயர் பெற்றவை எல்லாம் அப்பெயரைச் சும்மா பெற்றுவிடவில்லை என்பதால், உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவர் அறிந்த பள்ளி பத்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பள்ளியாக இருக்கலாம். தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் மாறியிருப்பார்கள். இரண்டு பள்ளிகளுக்கும் அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெரிய பள்ளியின் கீழ் வகுப்புகள் தெளிவாக மேலாக இருந்தால் தூரத்தைப் பார்க்காமல் அங்கேயே சேருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்று பட்டால் அருகிலுள்ள பள்ளியே என் தேர்வு. ஏழு வயதுப் பிள்ளை ஜார்ஜ்டவுனுக்கு வேன் பிடிக்க விடியுமுன் எழுந்து, நெரிசலில் போய், பசியோடு திரும்ப வேண்டியதில்லை. மேலும், ஷிப்ட் வேலை செய்யும் உங்களில் ஒருவர் வாரத்தில் ஒரு நாளாவது பள்ளி வாசலில் வகுப்பாசிரியரைப் பார்த்து, "இந்த வாரம் எப்படி, டீச்சர்?" என்று கேட்க முடியும். பெரிய பள்ளியில் சேர்ப்பதாக இருந்தாலும் அதற்கு ஒரு வழி செய்துகொண்டு சேருங்கள்.