பால் என்ன விஷமா?

(பொதுச் சாக்கடையில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற வாசகர்களின் கேள்விகளுக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: சிறிய பால் பதனிடும் கூடம் நடத்துகிறேன். திரிந்துபோன 500 லிட்டர் பாலைப் பாதாளச் சாக்கடையில் விட்டதற்காக நோட்டீஸ் வந்திருக்கிறது. மனிதர் குடிக்கும் பால் என்ன விஷமா? அமிலம் விடுகிறவர்களுக்கான விதியை எங்கள் மேல் ஏன் சுமத்துகிறார்கள்?

பதில்: நட்டத்தோடு நோட்டீஸும் சேர்ந்து வந்தால் மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனாலும் நோட்டீஸ் அனுப்பியவர் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

விஷம் இல்லையென்றால் விடலாம் என்று நினைக்கிறீர்கள். குழாயின் மறுமுனையில் இருப்பவை பாக்டீரியாக்கள். நாம் அனுப்பும் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதான். தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் கழிவுக்கு எத்தனை மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகிறது என்பதை ஆய்வகத்தில் மூன்று நாள் வைத்து அளப்போம். உங்கள் நோட்டீஸில் ‘பி.ஓ.டி.’ என்று இருப்பது அதுதான். வீட்டுக் கழிவுநீருக்கு அது பெரும்பாலும் 200 முதல் 300 வரை இருக்கும். பாலுக்கோ ஏறத்தாழ ஒரு லட்சம்.

ஆள்கணக்கில் பாருங்கள். ஒருவர் ஒரு நாளில் சாக்கடைக்கு அனுப்பும் சுமை, இந்த ஆக்சிஜன் கணக்கில், சுமார் 60 கிராம். உங்கள் 500 லிட்டர் பாலில் இருந்தது 50 கிலோ. எண்ணூறு பேர் ஒரு நாள் முழுவதும் அனுப்புவதை, ஒரு வால்வைத் திறந்து சில நிமிடங்களில் அனுப்பிவிட்டீர்கள். ஒரு சிறிய நிலையத்தில், பாக்டீரியாக்கள் வாழும் தொட்டிக்குக் காற்றைச் செலுத்தும் காற்றூதிகளால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆரோக்கியமான தொட்டியில் கலங்கல் பழுப்பாக இருக்கும், ஈர மண் வாசனை அடிக்கும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் அது கறுத்து நாறும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. அவை அழிந்தால் மீண்டும் தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அப்படி ஒரு தொட்டியின் அருகே மூன்று வாரம் காத்திருந்திருக்கிறேன். தினமும் காலையில் மாதிரி எடுத்து, அம்மோனியா அளவு இறங்கியிருக்காதா என்று ஏங்கிய நாள்கள் அவை.

அதைவிடப் பெரிய கவலை குழாய்க்குள் இறங்குகிறவர்களைப் பற்றியது. போகும் வழியிலேயே ஆக்சிஜனைப் பால் தீர்த்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் வேறு வகைப் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. பால் புளித்து அமிலமாக, அந்த வாயு நீரிலிருந்து இன்னும் எளிதாக வெளியேறுகிறது. குழாயின் கூரையில் படிந்து கந்தக அமிலமாக மாறி, கான்கிரீட்டையே அரிக்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடி 100 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) எட்டினால் மூக்கு மரத்துப்போகும். ஒரு முறை உள்ளே இறங்கிய எங்கள் ஊழியர், “இப்போது நாற்றமே இல்லை சார்” என்று குரல் கொடுத்தார். மேலே நின்ற மேற்பார்வையாளர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கயிற்றை இழுக்கச் சொல்லிவிட்டார். ஊழியர் பிழைத்தார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஆகவே, அமிலத்துக்கு உள்ள விதி உங்களுக்கும் பொருந்துவதில் அநீதி எதுவும் இல்லை.

இனி, கெட்ட பாலைக் குழாய்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தனியாகச் சேமித்து, சாண எரிவாயுக் கலன் போன்ற வாயு உற்பத்திக் கலன்களுக்கு அனுப்புங்கள். அங்கே அது நல்ல தீனி. பாத்திரம் கழுவும் நீருக்குக் கொழுப்புப் பிடிக்கும் தொட்டியும், அதற்கடுத்து ஒரு சமன்படுத்தும் தொட்டியும் கட்டி, அனுமதி பெற்ற அளவில் சீராக விடுங்கள். கொழுப்புத் தொட்டியில் கொதிநீரை ஊற்றிக் கரைக்காதீர்கள். கரைந்த கொழுப்பு அடுத்த தெருவில் ஆறி உறைந்துவிடும். 2017-இல் லண்டன் ஒயிட்சேப்பலில் கொழுப்பும் ஈரத்துடைப்பான்களும் இறுகி 250 மீட்டர் நீளத்துக்குச் சாக்கடையை அடைத்தன. எடை சுமார் 130 டன்.

கேள்வி: பி.ஓ.டி. 350-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். தாராளமாகத் தண்ணீர் கலந்து விட்டால் விதிக்கு உட்பட்டுவிடுமே?

பதில்: கூடாது. இந்தியாவின் பொதுத் தரவிதிகளில் பொதுச் சாக்கடைக்கு 350, ஆறு ஏரிகளுக்கு 30 என்று இருக்கிறது. பின்னால் ஒரு நிலையம் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் அந்த 350. மேலே சொன்ன பாலை 350-க்குக் கொண்டுவர ஏறத்தாழ 1.4 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். அப்போதும் 50 கிலோ அப்படியே 50 கிலோதான். நல்ல தண்ணீரும் வீண். தொட்டியில் கழிவு தங்கும் நேரமும் குறையும். உலோகக் கழிவானால் இன்னும் மோசம்: எவ்வளவு நீர் சேர்த்தாலும் அது கடைசியில் கசடில் போய்ச் சேர்ந்து, அந்தக் கசடை வயலுக்கு உரமாக்க முடியாமல் செய்துவிடும்.

கேள்வி: எங்கள் வண்ணப்பூச்சுப் பட்டறையில் ஒரு டின் தின்னர் தவறிச் சாக்கடையில் கொட்டிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அபராதத்துக்குப் பயம்.

பதில்: இதைப் படித்ததும் சொல்லிவிடுங்கள். தீப்பற்றும் திரவங்களுக்கு விதிகள் கொஞ்சமும் இடம் தராததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி விதியில், 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆவி தீப்பற்றக்கூடிய எந்தக் கழிவுக்கும் தடை. மெக்சிகோவின் குவாதலஹாராவில் 1992 ஏப்ரல் 22 அன்று, சாக்கடைக்குள் கசிந்திருந்த பெட்ரோல் வெடித்துத் தெருக்கள் கிலோமீட்டர் கணக்கில் பிளந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்களுடையது ஒரு டின்தான். ஆனால் அந்த நேரத்தில் குழாய்க்குள் யாராவது இறங்கியிருந்தால்?

என் பணிக்காலத்தில், தவறு செய்தவரே முன்வந்து தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு முறை. இரவு பதினொன்றரை மணி. முலாம் பூசும் பட்டறை ஒன்றின் இளம் பணியாளர், குரல் நடுங்க, எவ்வளவு கொட்டியது, எத்தனை மணிக்கு என்று சொன்னார். நீர் எங்களை வந்தடைய நாற்பது நிமிடம் இருந்தது. நுழைவாயில் மதகைத் திருப்பி, வந்ததையெல்லாம் காலித் தொட்டியில் தேக்கினோம். விடிந்ததும் மாதிரி எடுத்தேன். பாக்டீரியாக்கள் வாழும் தொட்டி பழுப்பாகவே இருந்தது.