சாமுராய் படங்களின் கேமரா: கேள்வி பதில்

கேள்வி: ‘ஏழு சாமுராய்’ (1954) படத்தின் கடைசி மழைச் சண்டையில் நாமே சேற்றில் நிற்பது போல இருக்கிறதே, எப்படி?

பதில்: படத்தின் ஜப்பானிய இயக்குநர் குரோசாவா அந்தச் சண்டையைப் பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார். மழை, சேறு, மிரண்டு ஓடும் குதிரைகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு வாள்வெட்டு இரண்டாம் தடவை அதே மாதிரி விழாது. ஆகவே நடந்ததை நடந்தபோதே பல பக்கமிருந்தும் பிடித்தாக வேண்டும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்தக் கேமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரியாதபோது நடிகர் கேமராவுக்காக நடிப்பதில்லை. தள்ளி நின்று, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீள லென்ஸில் (டெலி லென்ஸ்) எடுத்ததால் குதிரை, ஈட்டி, ஆள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக நெருக்கியடிக்கின்றன. ஒளிப்பதிவு அசகாசு நகாய்.

கேள்வி: எந்த லென்ஸ் வாங்கினால் இந்த லுக் வரும்?

பதில்: வாங்காதீர்கள். முதலில் பின்னால் நடந்து போங்கள்.

கேள்வி: பின்னணியை நெருக்குவது டெலி லென்ஸ்தானே? நடந்தால் என்ன வரும்?

பதில்: இல்லை. நெருக்குவது தூரம். நின்ற இடத்திலேயே, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸில் எடுத்து நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பாருங்கள், அதே நெருக்கம் இருக்கும். லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: விடமாட்டேன். டெலி என்றால் பின்னணி மங்க வேண்டும். குரோசாவாவிடம் பல இடங்களில் பின்னால் நிற்பவர் முகமும் தெளிவாக இருக்கிறதே?

பதில்: இது நல்ல சண்டை! அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, சுருக்கினால் தெளிவு ஆழமாகும், ஆனால் வெளிச்சம் குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட செட்டில் விளக்குகளைக் கொட்டினார்கள். நீங்கள் ரசிக்கும் அந்த முகத்துக்காக நடிகர்கள் வெந்திருக்கிறார்கள்.

கேள்வி: மழையில் மை கலந்தார்களாமே?

பதில்: அது குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தில், கோட்டை வாசல் போன்ற அந்தப் பெரிய வாசலில் பெய்யும் மழையில். வெளிறிய வானத்தின் முன்னால் வெறும் தண்ணீர் படத்தில் தெரியாது.

கேள்வி: மொபைலுக்கு எந்த லென்ஸ்?

பதில்: மேலே படிக்கவும்.

கேள்வி: இயக்குநர் கோபயாஷியின் ‘ஹராகிரி’ (1962) ஏன் இத்தனை அசைவற்று இருக்கிறது?

பதில்: அங்கே எதிரி குலத்தின் மாளிகை. ஒளிப்பதிவாளர் யோஷியோ மியாஜிமாவின் அகலத்திரைச் சட்டகத்தில் தூண், கதவு, பாய் எல்லாம் நேர்கோட்டில் நின்று மனிதனைச் சிறைவைக்கின்றன. புல்வெளிச் சண்டையில் பாருங்கள், காற்றடிக்கும், கேமராவே சாயும். அத்தனை நேரம் நேராக இருந்ததால்தான் அந்தச் சாய்வு நம்மை உலுக்குகிறது. குரோசாவாவை மட்டும் பார்த்துவிட்டு சாமுராய் படம் முடிந்தது என்று நினைக்காதீர்கள், எத்தனை முறை சொல்வது!

கேள்வி: குரோசாவாவின் ‘சஞ்சூரோ’ பட முடிவில் பீறிடும் ரத்தம்?

பதில்: அது குழாய் வேலை. கேமரா சும்மாதான் நின்றது.

கேள்வி: சரி, பட்ஜெட்டில் ஒரு டெலி லென்ஸ்…

பதில்: அடுத்த கேள்வி.