முதியோர் கல்விக்கு எதற்கு அரசுப் பணம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதியோர் கல்விக்குக் கூடுதல் நிதி ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. இப்போது பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் அபூர்வம். கைநாட்டு வைப்பவர்கள் எல்லாம் வயதானவர்கள். இன்னும் முப்பது வருடத்தில் பிரச்சினை தானாகத் தீர்ந்துவிடும். அந்தப் பணத்தில் பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டலாமே?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

தானாகத் தீரும் என்றால் எப்படி? அவர்கள் செத்துப்போவதால்தானே. இப்போது 45 வயதில் இருக்கும் ஒரு பெண் இன்னும் முப்பது வருடம் வாழ்வார், அத்தனை வருடமும் குழுக் கடன் பாரத்தில் வட்டி எவ்வளவு போட்டிருக்கிறது என்று தெரியாமலே ரேகை வைப்பார், சுகர் மாத்திரை எது பிரஷர் மாத்திரை எது என்று அட்டையின் நிறத்தைப் பார்த்துத்தான் பிரிப்பார், கம்பெனி மாறினால் அந்த நிறமும் மாறிவிடும். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 73 சதவீதம் சொச்சம்தான். மிச்சப் பேரைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

சரி, பணத்துக்கு வருவோம். 2022 முதல் 2027 வரை நடக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு மத்திய, மாநிலப் பங்கு எல்லாம் சேர்த்து 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 207 ரூபாய், அதுவும் ஐந்து வருடத்துக்கு. சொல்லித் தருபவர் தன்னார்வலர், சம்பளம் கிடையாது. இதற்கு முன் 2009 முதல் 2018 வரை நடந்த சாக்ஷர் பாரத் எழுத்தறிவுத் திட்டத்தில் வகுப்புகளைக் கவனிக்க ஊராட்சிக்கு இரண்டு பேரைப் போட்டு, ஆளுக்கு மாதம் 2,000 ரூபாயாவது கொடுத்தார்கள். சொற்பம்தான், ஆனால் வகுப்பு நடக்கவில்லையென்றால் கேட்க ஓர் ஆள் இருந்தார்.

தன்னார்வத்தை நான் மட்டமாகப் பேசவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஊரையே கிளப்பியது, எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் பழகினார்கள். ஆனால் அதன் பின்னால் ஒரு மாவட்ட நிர்வாகமே முழுமூச்சாக நின்றது. அந்த ஆதரவு இல்லாமல் தன்னார்வலரை மட்டும் நம்பினால், சொல்லித் தரும் பெண்ணுக்குக் கல்யாணமோ வேலையோ ஆனதும் வகுப்பு நின்றுவிடும், படித்த எழுத்தும் புழங்காமல் மறந்துபோகும்.

தருமபுரிப் பக்கம் ஒரு இரவு வகுப்பில் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா புத்தகத்தைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் 'ம'வையும் 'ய'வையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மண்டையில் ஏறவில்லை என்று அவரே முடிவுகட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவரின் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்ததும் வரியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்! வெள்ளெழுத்து, அவ்வளவுதான். ஆனால் 207 ரூபாயில் புத்தகம், நோட்டு, பயிற்சி, தேர்வு எல்லாம் போக கண்ணாடிக்கு எங்கே போவது?

கழிப்பறை கட்டாயம் வேண்டும், அதற்கும் சேர்ந்தே சண்டை போடுவோம். நான் கேட்பது இவ்வளவுதான்: கற்றுத் தருபவருக்கு மாதாமாதம் மதிப்பூதியம், படிக்க வருபவருக்குக் கண் பரிசோதனையும் கண்ணாடியும், படித்து முடித்தவர் தொடர்ந்து வாசிக்க மாலையில் திறந்திருக்கும் ஊர்ப்புற நூலகம். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர உங்கள் ஊரில் யாராவது தயார் என்றால் எழுதுங்கள், வாசகத்தை நான் எழுதி அனுப்புகிறேன்.